காரில் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாக் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். “கீழே ஏதோ டக் டக் என்று சத்தம் வருகிறது, ஷாக் போச்சா?” என்பது ஒன்று. “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, ஒர்க்ஷாப்பில் ஷாக் மாற்றச் சொல்கிறார்களே, அவசியமா?” என்பது இன்னொன்று. சத்தம் வந்தால் பல நேரம் காரணம் ஷாக்காக இருக்காது. ஷாக் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் பல நேரம் சத்தமே வராது. இதைப் புரிந்துகொண்டால் வீண் செலவும் மிச்சம், ஆபத்தும் குறைவு.

ஷாக் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதை அமுக்கி விட்டால் அது பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வுகள். சக்கரம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் எண்ணெய் அந்தக் குறுகிய வழிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். அதில் ஆட்டத்தின் வேகம் குறைகிறது, அதன் சக்தி சூடாக மாறிவிடுகிறது. மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் ஷாக் சூடாக இருப்பது இதனால்தான்.

அது அடக்க வேண்டிய ஆட்டம் ஒன்றல்ல, இரண்டு. வண்டியின் உடல் மெதுவாக, வினாடிக்கு ஒன்று ஒன்றரை தடவை என்ற கணக்கில் ஆடும். உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கு இது தெரியும். சக்கரமோ தனியாக, வினாடிக்கு 10 முதல் 15 தடவை வரை படபடவென்று துள்ளும், அது இருக்கையில் அவ்வளவாகத் தெரியாது. டயர் சாலையை விட்டு எழும்புவது இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். சக்கரம் காற்றில் இருக்கும் நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. ஆகவே ஷாக்கை சொகுசுக்கான சாமானாக மட்டும் நினைக்க வேண்டாம். டயரைச் சாலையோடு ஒட்ட வைக்கிற சாமான் அது.

அது எப்படித் தேய்கிறது? ஒரே நாளில் போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிஸ்டன் ராட் (பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி) எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் சீலுக்குள் போய் வருகிறது. அந்த ராட்டில் தூசியும் மண்ணும் படிந்தால் சீலை அரைத்துவிடும். எண்ணெய் வருடக்கணக்கில் சூடாகிச் சூடாகித் தன் குணத்தை இழக்கும். வால்வு தேயும். கேஸ் நிரப்பிய வகையில் நைட்ரஜன் இருப்பதே எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காகத்தான், அது கசிந்துவிட்டால் எண்ணெய் நுரைத்துப் போய் பிஸ்டனுக்குப் பிடிமானம் குறையும். பெரிய பள்ளத்தில் வேகமாக இறக்கி ராட் வளைவது, தொடர்ந்து அதிக பாரம் ஏற்றுவது போன்றவை இந்தத் தேய்மானத்தைச் சீக்கிரமாக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில் ஒரு பெரிய தொந்தரவு இருக்கிறது. தினமும் ஓட்டுகிறவர் தன்னை அறியாமலேயே அதற்குப் பழகிவிடுவார். வளைவில் முன்பை விடக் கொஞ்சம் மெதுவாகப் போவார், வேகத்தடைக்கு முன்பே பிரேக்கில் கால் வைப்பார், வண்டி எப்போதுமே இப்படித்தான் என்று நினைப்பார். அதே வண்டியை எப்போதாவது எடுக்கிற இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் “என்ன, இப்படி ஆடுது?” என்று கேட்டுவிடுவார். அப்படி யாராவது கேட்டால் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள்.

ஓட்டும்போது என்னென்ன அறிகுறி தெரியும்?

சாலையில் ஒரு நீளமான மேட்டை ஏறி இறங்கியதும் நல்ல ஷாக் உள்ள வண்டி உடனே நிதானத்துக்கு வந்துவிடும். தேய்ந்த வண்டி இறங்கிய பிறகும் இன்னொரு முறை அலை மேல் படகு மாதிரி எழும்பித் தணியும். பிரேக் அழுத்தினால் மூக்கு வழக்கத்தை விட அதிகமாகக் குனியும், நின்றபின் ஒரு ஆட்டம் ஆடி நிமிரும். கிளப்பும்போது பின்பக்கம் தாழும். பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அடித்தாலோ பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனாலோ வண்டி ஒதுங்கும், ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இவற்றை விட நான் அதிகம் நம்புவது வேறு ஒரு அறிகுறி. சாலை கொஞ்சம் சொரசொரப்பாக, சின்னச் சின்ன அலைகளாக இருக்கிற ஒரு வளைவில் மிதமான வேகத்தில் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தத்தித் தத்தி வெளியே நகர்வது போல இருந்தால் பின் ஷாக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே சக்கரம் தரையில் நிற்கவில்லை, துள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே மாதிரி, மேடு பள்ளமான சாலையில் சாதாரணமாக பிரேக் பிடித்தாலே ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) அடிக்கடி வேலை செய்ய ஆரம்பித்தால் டயரோடு சேர்த்து ஷாக்கின் மேலும் சந்தேகம் வர வேண்டும்.

இரவில் ஓட்டும்போது ஹெட்லைட் வெளிச்சத்தைக் கவனியுங்கள். ஒரு மேட்டைத் தாண்டியபின் வெளிச்சம் சாலையில் மேலும் கீழும் பல தடவை ஆடினால் முன்பக்கம் தளர்ந்திருக்கிறது.

காரின் மூலையை அழுத்திப் பார்க்கும் சோதனையை நம்பலாமா?

பாதி நம்பலாம். சக்கரத்துக்கு மேலே உறுதியான இடமாகப் பார்த்து (பானெட்டின் நடுத்தகட்டில் அழுத்தினால் நெளிந்துவிடும்) இரண்டு மூன்று முறை நன்றாக அமுக்கி ஆட்டி, கீழே இருக்கும்போது கையை எடுங்கள். வண்டி மேலே வந்து, லேசாக ஒரு முறை தாழ்ந்து, நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் அந்த மூலையின் ஷாக் போய்விட்டது, சந்தேகமே இல்லை.

ஆனால் ஆடாமல் நின்றுவிட்டால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நீங்கள் கையால் சோதிப்பது உடலின் மெதுவான ஆட்டத்தை மட்டும்தான், சக்கரத்தின் வேகமான துள்ளலை இப்படிச் சோதிக்க வழியே இல்லை. அதோடு இப்போதைய பல கார்களில் ஸ்பிரிங் இறுக்கம், கையால் அமுக்கினால் அசைவதே இல்லை. பாதி தேய்ந்த ஷாக் இந்தச் சோதனையில் சுலபமாகத் தப்பித்துவிடும். நான்கு மூலையையும் செய்து பார்த்து, இடதும் வலதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்று ஒப்பிடுவதுதான் இதில் கிடைக்கும் உருப்படியான தகவல்.

ஷாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. லீக்கா?

எல்லாப் பிசுக்கும் லீக் இல்லை. ராட் மேலும் கீழும் போகும்போது சீலுக்கு வழவழப்பாக மெல்லிய எண்ணெய்ப் படலம் வெளியே வரும். மேல்பகுதியில் லேசாக ஈரம் பூத்து, அதில் தூசி ஒட்டி மங்கலாக இருந்தால் அது சாதாரணம். எண்ணெய் கோடு போட்டு உடம்பின் கீழ்ப்பாதி வரை வழிந்திருந்தாலோ, துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டியபின் மறுபடி ஈரமாகப் பளபளத்தாலோ அது லீக். துடைத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல விடாதீர்கள். பிரேக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில், ஆக்ஸிலின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து தெறித்த கிரீஸ், ஏன் அடிப்பக்கத்தில் அடித்த துருத்தடுப்பு எண்ணெய் கூட ஷாக்கின் மேல் படிந்து ஏமாற்றும்.

இன்னொன்று, லீக் இல்லை என்பதால் மட்டும் ஷாக் நல்லது என்று ஆகாது. சொட்டு எண்ணெய் வெளியே வராமலேயே உள்ளே வால்வு தேய்ந்து போயிருக்கலாம்.

டயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், என்னைக் கேட்டால் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதுதான் சிறந்தது. உடம்புக்கு உணர்த்தாத சக்கரத் துள்ளலை டயர் அப்படியே பதிவு செய்து வைத்திருக்கும். துள்ளுகிற டயர் தரையில் விழுகிற இடத்தில் அதிகம் தேயும், எழும்புகிற இடத்தில் குறைவாகத் தேயும். நாளாக ஆக டயரின் சுற்றளவில் ஒரு பள்ளம், ஒரு மேடு, மறுபடி பள்ளம் என்று விட்டு விட்டுத் தேய்மானம் விழும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் டயரின் முகம் வெளியே தெரியும். உள்ளங்கையை டயரின் மேல் தட்டையாக வைத்து, சுற்றும் திசையில் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், கண்ணாடித்துண்டு குத்தியிருக்கலாம், அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். நல்ல டயரில் கை ஒரே சீராக நழுவும். துள்ளிய டயரில் கை ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாத அலை கூட உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். உள் ஓரத்தையும் மறக்காமல் தடவுங்கள், வெளி ஓரம் நன்றாக இருந்து உள் ஓரத்தில் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கும் வண்டிகள் உண்டு.

எல்லாத் தேய்மானமும் ஷாக்கால் வருவதில்லை. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. டயரின் அகலவாக்கில் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரி குத்தவும் செய்தால் அதுவும் அலைன்மென்ட்தான். மேடு பள்ளமாகத் தேய்வதற்கு பாலன்சிங் இல்லாத சக்கரமும் தேய்ந்த புஷ்ஷும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை) கூடக் காரணமாகலாம். ஆகவே இப்படிப் பார்த்ததும் ஷாக்கோடு அவற்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஷாக்கை மாற்றினாலும் ஏற்கெனவே அலையாகத் தேய்ந்த டயர் சரியாகிவிடாது, சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

‘உம்ம்’ என்று ஒரு ஓசை வேகத்தோடு கூடுகிறது. பேரிங்கா, ஷாக்கா?

அலையாகத் தேய்ந்த டயரும் கெட்ட வீல் பேரிங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓசை தரும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது, உதாரணமாகத் தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது, ஓசையின் தன்மை மாறினால் டயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். காலியான சாலையில் லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பேரிங்.

சின்னப் பள்ளத்தில் கூட ‘கட கட’ என்கிறது. ஷாக்தானே?

பெரும்பாலும் இல்லை. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் கடகடவென்று வருவது அநேகமாக லிங்க் ராட்தான் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு), அதை மாற்றுவது ஷாக் மாற்றுவதை விட மலிவான வேலை. நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் விடுபடுவது போலக் கேட்டால் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தொகுப்பு) மேலே வண்டியின் உடலோடு இணைக்கும் மவுண்ட் அல்லது அதன் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘தொக்’ என்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தளர்ந்தாலும் சத்தம் வரும், அது மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத விஷயம், ஏனென்றால் அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

ஷாக்கும் சத்தம் போடும்தான். அதன் நட்டு தளர்ந்தாலோ, முனை வளையத்தில் உள்ள ரப்பர் புஷ் நைந்தாலோ, உள்ளே பிஸ்டன் கழன்றாலோ தட்டும். ஷாக் முற்றிலும் செத்துப்போனால் பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் அடிவரை போய் ‘தட்’ என்று இடிக்கும். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் “நாலு ஷாக்கும் மாத்தணும்” என்று சொல்கிற இடத்தில் வேலையை விடாதீர்கள். எந்தப் பாகம் ஆடுகிறது என்று கம்பியால் நெம்பி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள், வேலை தெரிந்தவர் தயங்காமல் காட்டுவார்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

80,000 கி.மீ. வாக்கில் சோதித்து மாற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்வது ஷாக் தயாரிப்பாளர்கள் பரவலாகத் தரும் அறிவுரை. நல்ல சாலையிலேயே ஓடிய கார் அதைத் தாண்டியும் போகும், குண்டும் குழியுமான சாலையில் பாரத்தோடு ஓடியது அதற்கு வெகுமுன்பே தேய்ந்துவிடும். கிலோமீட்டரைப் பார்த்து மாற்றாதீர்கள், கிலோமீட்டரைப் பார்த்துச் சோதியுங்கள். அதற்கு முன்பும் 20,000 கி.மீ.க்கு ஒரு முறை, எப்படியும் சர்வீசுக்காக லிஃப்டில் ஏற்றும்போது, சீல், பூட் (ராட்டை மூடும் ரப்பர் உறை), புஷ் மூன்றையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னால் போதும்.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஷாக் மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. நிற்கும் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். அது தளர்ந்திருக்கும் அல்லது ஒரு சுற்று உடைந்திருக்கும். உடைந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும், ஆகவே தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

துள்ளவில்லை, மாறாகக் கல் மாதிரி இடிக்கிறது. அதுவும் ஷாக்கா?

முதலில் டயரில் காற்றைப் பாருங்கள், அதிகம் அடித்திருந்தால் இப்படித்தான் இருக்கும். அது சரியாக இருந்தால், ராட் வளைந்து சிக்கிக்கொண்ட ஷாக் இப்படி இடிக்கும். அல்லது ஷாக் தளர்ந்து, வண்டி எப்போதும் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் உட்காரும். அந்தக் கட்டை நொறுங்கிப் போயிருந்தால் இரும்போடு இரும்பு மோதும்.

தொட்டுப் பார்க்கும் சோதனை என்கிறார்களே, அது என்ன?

கரடுமுரடான சாலையில் ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒரே ஆக்ஸிலில் (அதாவது முன் இரண்டு அல்லது பின் இரண்டு) உள்ள இரண்டு ஷாக்கின் உடம்பையும் தொட்டு ஒப்பிடுவது. உழைக்கிற ஷாக் சூடாகும். ஒன்று வெதுவெதுப்பாக இருந்து இன்னொன்று குளிர்ந்து கிடந்தால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை. இரண்டும் செத்திருந்தால் இரண்டுமே குளிர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் சைலன்சர் குழாயும் பிரேக் டிஸ்க்கும் கொதித்துக்கொண்டிருக்கும், கை வைக்கும்போது ஜாக்கிரதை. ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

மெஷினில் சோதிக்க முடியுமா?

சஸ்பென்ஷன் டெஸ்டர் உள்ள இடங்களில் முடியும். சக்கரத்தை ஒரு தட்டின் மேல் ஏற்றி வேகமாக அதிரச் செய்து, நின்றபோது இருந்த எடையில் மோசமான தருணத்தில் எவ்வளவு சதவீதம் தட்டின் மேல் மிச்சமிருக்கிறது என்று அளக்கும். கையால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத சக்கரத் துள்ளலை இது நேரடியாகக் காட்டுகிறது. டயரில் காற்று சரியான அளவில் இருக்கும்போது மட்டும் சோதியுங்கள், இல்லாவிட்டால் எண் மாறிவிடும். மொத்த எண்ணை விட இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை முக்கியமாகப் பாருங்கள்.

தேய்ந்த ஷாக்கோடு கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓடும். ஆனால் மேடு பள்ளமான சாலையில் நிற்க அதிக தூரம் எடுக்கும், ஈரச் சாலையில் வளைவில் பிடிமானம் குறையும், டயரும் புஷ்ஷும் கூடச் சேர்ந்து தேயும். லேசான தளர்ச்சி என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டி அடுத்த சர்வீசில் மாற்றலாம். எண்ணெய் வழிகிறது, வண்டி ஆட்டம் நிற்கவில்லை, வளைவில் தத்துகிறது என்றால் நெடுந்தூரப் பயணத்தை முதலில் தள்ளிப்போடுங்கள். குடும்பத்தோடு, பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு, இரவில், மழையில் என்று எல்லாம் சேர்கிற நாளில்தான் அந்த மிச்சப் பிடிமானம் தேவைப்படும்.

ஒன்று மட்டும்தான் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் இருந்தால் திடீர் பிரேக்கிலும் வளைவிலும் இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். முன்னும் பின்னும் சேர்த்து நான்கையும் மாற்ற வேண்டும் என்பது கட்டாயமில்லை, சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒன்று மட்டும் பழுதானால், அதே மாடலில் ஒன்றை மட்டும் மாற்றுவது பரவாயில்லை.

பழைய ஷாக்கில் எண்ணெய் ஊற்றி ரிப்பேர் செய்து தருகிறார்களே?

சாதாரணக் காரின் ஷாக் திறக்க முடியாதபடி மூடித்தான் வருகிறது. துளை போட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைப்பதில் தேய்ந்த சீலும் வால்வும் புதிதாகிவிடுமா? எந்த எண்ணெய், எவ்வளவு, கேஸ் எங்கே? வண்டியில் ஏற்றிய நாளில் இறுக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். கேஸ் உள்ளதைச் சூடாக்கினாலோ துளைத்தாலோ வெடித்துச் சிதறக்கூடும். இதைச் செய்யவே செய்யாதீர்கள். திறந்து பழுதுபார்க்கிற மாதிரியே வடிவமைத்த பந்தய வகை ஷாக்குகள் வேறு கதை.

மாற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பூட், பம்ப் ஸ்டாப் இரண்டையும் சேர்த்தே புதிதாகப் போடுங்கள். பூட் கிழிந்திருந்தால் புது சீலும் அதே மண்ணால் அரைபடும். ஸ்ட்ரட் என்றால் மேல் மவுண்டையும் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள், பின்னால் தனியாக மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டி வரும். புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுக்க அமுக்கி நீட்ட வேண்டும், படுக்க வைத்திருந்ததில் பிஸ்டன் ஓடும் எண்ணெய் அறைக்குள் புகுந்த காற்றோ கேஸோ அந்த அறையை விட்டு வெளியேற.

நட்டை இறுக்கும்போது ராட் சுற்றுகிறதே என்று சிலர் பிளையரால் ராட்டைப் பிடிப்பார்கள். அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் இதை மட்டுமாவது தடுத்துவிடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் நிற்கும் நிலையில் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்ட்ரட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

வீட்டிலேயே மாற்றலாமா?

ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும் பின்பக்கம் என்றால், சரியான ஸ்டாண்டும் கருவியும் அனுபவமும் இருந்தால், முடியும். ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்க வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங்கில் உள்ள விசை ஆளைக் கொல்லப் போதுமானது, மேல் நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கழற்றினால் அவ்வளவும் ஒரே நொடியில் வெளியே வரும்.

எலக்ட்ரானிக் ஷாக் (இறுக்கம் மின்சாரத்தால் மாறும் வகை) உள்ள காருக்கும் இதே சோதனைகள்தானா?

டயரும் எண்ணெய்க் கசிவும் அதே மாதிரிதான். கூடுதலாக டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு வரும், ஸ்கேனர் போட்டுப் படிக்கலாம். ஆனால் விளக்கு எரிவது மின்சாரப் பழுதுக்காகவும் இருக்கலாம், மெக்கானிக்கல் தேய்மானத்தை விளக்கு சொல்லாமலும் போகலாம்.

பழைய கார் வாங்கும்போது?

நான்கு டயரையும் தடவிப் பாருங்கள், அப்புறம் ஷாக்குகளை எட்டிப் பாருங்கள். டயர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் பழைய டயர் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள். ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்று புது ஷாக் இருந்தால் அந்த மூலை எங்காவது இடித்ததா என்று விசாரியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நல்ல சாலையில் மட்டும் ஓட்டாமல், ஒரு மோசமான சாலையையும் ஒரு வளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு.

புது ஷாக் போட்டபின் வண்டி முன்பை விட இறுக்கமாக இருக்கிறது. தவறாகப் போட்டுவிட்டார்களா?

அநேகமாக இல்லை, தளர்ந்த ஆட்டத்துக்குப் பழகிய உடம்புக்கு அப்படித்தான் தெரியும், சில நாளில் சரியாகிவிடும். சத்தம் வந்தால்தான் திரும்பக் கொண்டுபோக வேண்டும். மேல் நட்டு சரியாக இறுகவில்லை என்றாலோ ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்றாலோ முதல் சில நாளிலேயே தட்ட ஆரம்பித்துவிடும்.